நோர்பரியில் எழும்பிய இத்தாலியக் கோட்டை

2009ஆம் ஆண்டு ஐப்பசியில் என் மகளின் சாமத்திய வீட்டுக்காக என் அண்ணை ஒரு கோட்டை கட்டினார். ரெஜிபோமில், அதாவது தெர்மோகோலில் வெட்டி, பெயின்ட் அடித்த கோட்டைதான். ஆனாலும் மதில், தூக்குப் பாலம், காவற் கோபுரம், பல்லுப் பல்லாக வெட்டிய மேற்சுவர் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. வட இத்தாலியில் ஒரு குன்றின்மேல் பல நூற்றாண்டுகளாக நிற்கும் அசல் கோட்டை ஒன்றின் நகல் அது. அந்த அசலை நான் பத்து வருடங்களுக்கு மேல் கூட்டித் துடைத்திருக்கிறேன். ஆகவே இந்த விசயத்தில் வாய் திறக்க எனக்கு உரிமை உண்டு.

இலண்டனில் நம்மவர் சாமத்திய வீடு செய்யும் விதத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெண் பிள்ளை பூப்படைந்து பெரிய பிள்ளையானால் தாய்மாமன் தண்ணீர் வார்க்க வேண்டும், பெண்கள் ஆலாத்தி எடுக்க வேண்டும், சொந்தக்காரர் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்ல வேண்டும். சடங்கு இவ்வளவுதான். இங்கே வந்தபின் ஒரு புதுப் போட்டியும் சேர்ந்துகொண்டது. பிள்ளை மேடையில் எதிலிருந்து தோன்றுகிறாள் என்பது அந்தப் போட்டி. கோலியர்ஸ் வுட்டில் ஒரு பிள்ளை தாமரைப் பூவுக்குள் இருந்து வருவதாக ஏற்பாடு. இதழ் விரிய மோட்டார் பூட்டியிருந்தார்கள். பாதி விரிந்ததும் மோட்டார் நின்றுவிட்டது, பிள்ளையைப் பின்பக்கத்தால் இழுத்து எடுத்தார்கள். மோர்டனில் இன்னொருத்தி பிறை நிலாவில் இருந்தபடி கூரையிலிருந்து இறங்கினாள். பாவம், அவளுக்கு உயரம் என்றால் பயம். வீடியோவில் கண்ணைத் திறக்கவேயில்லை.

அண்ணை இவை எல்லாவற்றுக்கும் போய்ச் சாப்பிட்டவர். எங்கள் முறை வரும்போது எல்லாரையும் விழுத்திக் காட்டவேண்டும் என்று அப்போதே மனத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

அசல் கோட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. இத்தாலியில் என் கணவருக்கு டைல்ஸ் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எனக்கு அந்தச் சின்ன ஊரின் நகரசபையில் துப்புரவு வேலை கிடைத்தது. காலையில் பள்ளிக்கூடம், மத்தியானம் கோட்டை. கோட்டைக்கு ஒரு வழிகாட்டி இருந்தாள். வாசலில் நின்று சிகரெட்டை முடித்துவிட்டு உள்ளே வந்து, வருகிற கூட்டத்துக்கெல்லாம் ஒரே பேச்சை ஒரே மாதிரிப் பேசுவாள். நான் படிகளைத் துடைத்துக்கொண்டே கேட்பேன். அவள் இருமுகிற இடங்கள் உட்பட எனக்கு முழுவதும் மனப்பாடம்.

முதலில் அங்கே ஒரு சதுரக் கோபுரம் மட்டும்தான் இருந்ததாம். கட்டியவர் ஓர் ஆயர், அதாவது பிஷப். கடவுள் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை போதவில்லைப் போலும், சுவரை ஒரு ஆள் நீட்டுக்குக் கனமாகக் கட்டியிருந்தார். வாசலும் நிலத்தில் இல்லை, முதலாம் மாடி உயரத்தில். ஏணி வைத்து ஏறுவார்கள், ஏறியதும் ஏணியை உள்ளே இழுத்துவிடுவார்கள். விருந்தாளிகளைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு ஒரு பெரிய குடும்பம் அதைப் பிடித்துக்கொண்டு, சுற்றிவர மதிலும் மூலைக்கு மூலை உருண்டைக் கோபுரமும் கட்டியது. மதிலின் அடிப்பாகம் சரிவாக இருக்கும். மேலிருந்து போடும் கல் சரிவில் பட்டுத் தெறித்து எதிரியின் முழங்காலைப் பதம் பார்க்கட்டும் என்று அப்படிக் கட்டினார்கள். வாசலுக்கு மேலே இருந்த அறையின் தரையில் ஓட்டைகள். அதற்குள்ளால் கொதிக்கிற எண்ணெய் ஊற்றினார்கள் என்று வழிகாட்டி சொல்வாள், சனம் வாயைப் பிளக்கும். எண்ணெய் விலை தெரிந்து சமையல் செய்கிற எவளும் இதை நம்ப மாட்டாள். நான் ஒருநாள் கேட்டபோது அவளே கண்ணடித்தாள். எண்ணெய் சுற்றுலாக்காரருக்காகவாம், உண்மையில் கல்லும் கொதிதண்ணீரும்தானாம்.

மேற்சுவரின் பற்களுக்கும் ஒரு கதை இருந்தது. அந்தக் காலத்தில் பாப்பரசரின் கட்சி ஒன்று, சக்கரவர்த்தியின் கட்சி ஒன்று. பாப்பரசரின் ஆட்கள் பல்லைச் சதுரமாக வெட்டுவார்கள், சக்கரவர்த்தியின் ஆட்கள் குருவி வால் மாதிரி நடுவில் பிளந்து விடுவார்கள். எங்கள் கோட்டையில் பின்பக்கம் சதுரம், வாசல் பக்கம் வால். குடும்பம் இடையில் கட்சி மாறிவிட்டதாம். இதில் எனக்கு ஆச்சரியமே வரவில்லை. கோயில் நிர்வாகம் இரண்டாகி, பக்கத்துத் தெருவில் அதே சாமிக்கு இன்னொரு கோயில் திறப்பதைப் பார்த்த எவருக்கும் வராது.

தெற்குச் சுவரில் ஒரு சின்ன மாடம் இருந்தது. பாதி உயரத்தில், இரண்டு தாங்கு கற்களின்மேல், சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தனக்கென்று ஒரு குட்டிக் கூரை, ஒடுங்கிய ஒரு யன்னல், கூரையில் எப்போதும் இரண்டு புறா. அவ்வளவு வடிவு. புதுச் சோடிகள் அதற்குக் கீழே நின்று முத்தம் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அது கோட்டைக்காரனின் கக்கூஸ். உள்ளே ஒரு கல் இருக்கை, இருக்கையில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குக் கீழே அகழி. கம்பளி உடுப்புகளையும் அதற்குள்தான் கொழுவி வைப்பார்களாம். அந்த நாற்றத்துக்குப் பூச்சி கிட்ட வராதாம். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு விருந்துக்கும் போயிருக்கிறார்கள்.

அண்ணையும் அண்ணியும் ஒருமுறை இலண்டனிலிருந்து எங்களிடம் வந்தபோது கோட்டையைக் காட்டக் கூட்டிப் போனேன். வழிகாட்டி இத்தாலிய மொழியில் விளக்கிக்கொண்டிருக்க, அண்ணை தமிழில் அண்ணிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மாடத்துக்குக் கீழே இருவரும் நின்று எடுத்த படம் நோர்பரியில் அவர்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே பெரிதாகத் தொங்கியது. போருக்குப் போகிற வீரனுக்கு இளவரசி கை காட்டிய இடம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அப்படி ஒரு இளவரசியை அவரே உண்டாக்கினார். நான் திருத்தவில்லை. அண்ணை கதைக்கத் தொடங்கினால் இடையில் நுழைய வழி இராது. பிறகு மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நாங்கள் இலண்டனுக்கு மாறி, வீடு எடுக்கும்வரை அவருடைய கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். இருக்க இடம் தந்தவரைத் திருத்துவது இன்னும் கஷ்டம். இன்னொன்றையும் சொல்கிறேன். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் வருகிற சந்தோசத்தை இழக்க எனக்கு மனம் இருக்கவில்லை.

மகள் பெரிய பிள்ளையானது அந்த வருடம் மாசியில். அந்த மாதங்களில் இலண்டனில் எவரும் மேளம் கொட்டவில்லை. ஊரில் கடைசிப் போரில் சனம் செத்துக்கொண்டிருந்தது. அண்ணை கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு நாள் தவறாமல் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டத்தில் போய் நின்றார். பள்ளிக்கூடம் விட்டபின் மகளும் சில நாட்கள் அவரோடு போய் நின்றாள். வைகாசியில் எல்லாம் முடிந்தது. அதன்பிறகு அண்ணை கதைப்பதை விட்டுவிட்டார். கடையில் நிற்பார், கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். இந்த ஆள் கொஞ்சம் வாயை மூட மாட்டாரா என்று ஆயிரம் தடவை நினைத்தவள் நான். அந்த மௌனத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆவணியில் ஒருநாள் அவர் மோர்டனில் எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே தொடங்கினார்.

"தங்கச்சி, பிள்ளைக்கு இன்னும் தண்ணி வாக்கேல்லை. ஐப்பசியிலை செய்வம். சனத்துக்கும் இப்ப ஒரு சந்தோசம் வேணும். நான் ஒரு கோட்டை கட்டப் போறன்."

தேத்தண்ணீர் ஆறிப்போய், இன்னொன்று போட்டு, அதுவும் ஆறும்வரை கதைத்தார். நான் ஓம் என்று சொன்னேன். மனிசன் திரும்பக் கதைக்கத் தொடங்கிவிட்டாரே என்ற சந்தோசத்தில் சொன்ன ஓம் அது. இமயமலையைக் கட்டுகிறேன் என்றிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

மகள் அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இந்தச் சடங்கை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தவள் அவள். அன்றிரவே ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தாள். மண்டபம் நிறைய ஆட்கள் தன்னைப் பார்ப்பார்கள், பார்க்கிற எல்லாருக்கும் தன்னைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு விசயமாகத்தான் இருக்கும், அதற்குக் கேக் வேறு வெட்ட வேண்டுமா என்று கேட்டாள். மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். நான் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அதோடு என்னுடன் கதைப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் தலையாட்டுவாள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. வீட்டில் அவளுடைய சத்தம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணவரிடம் சொன்னேன்.

"உம்மடை அண்ணையோடை நீரே கதையும்" என்றுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

சரி, வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை நோர்பரிக்குப் போனேன். கடைக்குப் பின்னால் இருந்த கராஜில் அண்ணை நின்றார். தலை, மீசை, கண்ணிமை எல்லாம் வெள்ளை ரெஜிபோம் தூள். பக்கத்தில் கலியாணங்களுக்கு மணவறை போடுகிறவர் கத்தியும் கையுமாக நின்றார்.

"நல்ல நேரம் வந்தாய். மேல் பல்லு சதுரமோ, வால் மாதிரியோ?"

"வாசல் பக்கம் வால். பின்பக்கம் சதுரம்."

"ஏன் ரெண்டு விதம்?"

"இடையிலை கட்சி மாறினவை, அண்ணை."

அண்ணை சிரித்தார். "அப்ப எங்கடை ஆக்கள்தான்."

வைகாசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வேண்டாம் என்று சொல்லப் போன என் வாய், "அடிமதில் சரிவா இருக்கவேணும்" என்று சொல்லிற்று. அவர் உடனே மணவறைக்காரரிடம் திரும்பி அதைத் தன்னுடைய யோசனையாகச் சொன்னார்.

அப்போதுதான் வலப்பக்கத்தில் இருந்ததைக் கண்டேன். அந்த மாடம். யன்னலைப் பெரிதாக்கி, ஒரு பிள்ளை உள்ளே நின்று வெளியே தெரியும்படி செய்திருந்தார்கள். விளிம்பெல்லாம் தங்க நிறக் குஞ்சம்.

"இதுதான் மெயின்" என்றார் அண்ணை. "பிள்ளை இதுக்குள்ளை நிண்டு சனத்துக்குக் கை காட்டவேணும். மேலையிருந்து பூ விழும்."

"அண்ணை, அது வந்து..."

"நீ பொறு, நான் சொல்லுறன்."

பொறுத்தேன். இளவரசியின் கதையை மணவறைக்காரருக்கு முதலிலிருந்து சொன்னார். இந்த முறை வீரன் போரிலிருந்து திரும்பியும் வந்தான். நல்லது, கட்டட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். மகளுக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

விழாவுக்கு முதல் நாள் பின்னேரம், மாடம் பிள்ளையின் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்க அவளை மண்டபத்துக்குக் கூட்டிவரச் சொன்னார் அண்ணை. பள்ளிக்கூட யூனிபோர்மோடு வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் இருந்த ஏணியில் ஏறி, குஞ்சங்களுக்கு நடுவில் நின்றாள். கீழேயிருந்து அண்ணை, "கையைக் காட்டு, சிரி, இன்னும் கொஞ்சம் சிரி" என்று கத்திக்கொண்டிருந்தார். அவளுடைய கண் நிறைந்திருப்பதை அவர் காணவில்லை, நான் கண்டேன். திரைத்துணிக்கு ஊசி குத்துகிற சாட்டில் நானும் ஏணியில் ஏறினேன்.

"குஞ்சு, நீ நிக்கிறது என்ன இடம் தெரியுமே?"

முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கக்கூஸ்."

திரும்பினாள். "வாட்?"

"கோட்டைக்காரன் காலமையிலை வந்து குந்துற இடம். நீ நிக்கிற இடத்திலைதான் ஓட்டை. எல்லாம் நேரே அகழிக்குள்ளை விழும்."

அவள் குஞ்சத்தைப் பார்த்தாள். கீழே கையை ஆட்டி ஆட்டிக் கட்டளை போட்டுக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு அப்படியே கீழே குந்தி, முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு சிரித்தாள். கோட்டை முழுவதும் ஆடியது.

"ஆட்டாதேங்கோ! ஆட்டாதேங்கோ!" என்று மணவறைக்காரர் ஓடி வந்து மதிலைப் பிடித்தார்.

"மாமாக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தின் பின் அவள் என்னிடம் கேட்ட முதற் கேள்வி.

"தெரியாது."

"நாளைக்கு நான் எல்லாருக்கும் சொன்னா?"

"அது உன்ரை விருப்பம். உன்னைக் கேளாமல்தானே இவ்வளவும் நடக்குது."

சொன்ன பிறகுதான் எட்டிப் பார்த்தேன். கீழே அண்ணை வியர்த்துப்போய் நின்றார். இந்தக் கோட்டை ஒன்றுதான் அந்த மனிசனை வாய் திறக்க வைத்தது. சனத்துக்கு முன்னால் அது கக்கூசாகிப் போனால் அவர் மறுபடியும் பழையபடி ஆகிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதற்காகப் பிள்ளையின் வாயைக் கட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அவள் குசினிக்குள் வந்து இருந்து, கோட்டையைப் பற்றி ஒன்றும் விடாமல் கேட்டாள். நானும் ஆயரிலிருந்து அகழிவரை சொன்னேன், வழிகாட்டி மாதிரி இருமியும் காட்டினேன். நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

அடுத்த நாள் காலை வீட்டில் தண்ணீர் வார்த்து முடித்து, மத்தியானம் மண்டபத்துக்குப் போனோம். திரை விலகியதும் சனம் ஒரே குரலில் ஓ என்றது. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். மதிலின் சரிவு, வாசலின் இருபக்கமும் பாலத்தைத் தூக்கும் மரங்கள் போகிற நீளப் பிளவு, வால் பல்லு எல்லாம் சரி. நான் ஆலாத்தித் தட்டோடு மேடைக்குக் கீழே நின்றேன். முன்வரிசையில் அண்ணை பட்டு வேட்டி சால்வையோடு, இருக்க முடியாமல் எழும்பி நின்றார்.

மகள் மாடத்தில் தோன்றினாள். பூ விழுந்தது. எல்லாக் கமராக்களும் அவள் பக்கம் திரும்பின. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, மொட்டு என்றார், மலர் என்றார், பருவம் என்றார். அவள் முகம் சிவந்தது. எதற்குப் பயந்தாளோ அதுதான் அப்போது நடந்துகொண்டிருந்தது, தட்டை எறிந்துவிட்டு ஏறிப்போய் அவளை இறக்கிக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது எனக்கு.

அவள் குனிந்து அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அந்த மனிசன் தடுமாறிப்போய்க் கொடுத்துவிட்டார்.

"வணக்கம். நான் இப்ப இந்தக் கோட்டையைப் பற்றிச் சொல்லப் போறன். முதல் எல்லாரும் அந்தக் கோபுரத்தைப் பாருங்கோ."

மண்டபம் முழுவதும் கோபுரத்தைப் பார்த்தது. ஏன் வாசல் உயரத்தில் இருந்தது என்று சொன்னாள். மதிலைப் பார்க்கச் சொன்னாள், தலைகள் மதிலுக்குத் திரும்பின. எண்ணெய் பொய், கொதிதண்ணிதான் உண்மை என்றாள். இங்கிலிஷ் வாசம் அடிக்கிற தமிழில், என் வழிகாட்டி மாதிரியே, ஓரிடத்தில் இருமியும் விட்டாள். சதுரப் பல்லையும் வால் பல்லையும் சொல்லி, "எங்கடை கோயில் மாதிரி" என்றபோது, மண்டபத்தின் இந்தப் பக்கம் இருந்த பழைய நிர்வாகமும் அந்தப் பக்கம் இருந்த புது நிர்வாகமும் சேர்ந்து சிரித்தன. இப்போது ஒருவருடைய கண்ணும் அவள்மேல் இல்லை. கமராக்காரர்கூட மதிலைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை என்ன செய்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கடைசியா, நான் நிக்கிற இந்தச் சின்ன இடம்."

தட்டைப் பக்கத்தில் நின்ற அண்ணியின் கையில் திணித்தேன். மகள் கீழே மாமாவைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, அவள் சொல்லப்போவதைத் தானும் சேர்ந்து சொல்பவர் போல வாயை அசைத்துக்கொண்டு நின்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கோட்டையிலேயே என்ரை மாமாவுக்கு ஆகப் பிடிச்ச இடம் இது" என்றாள். "மாமா, நீங்களும் மேலை வாங்கோ."

சனம் கைதட்டியது. அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி, தங்கக் குஞ்சங்களுக்கு நடுவில் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாக் கமராக்களும் மின்னின. எனக்கு அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தேன். நான் அழுவதாக நினைத்து ஒரு மாமி என் முதுகைத் தட்டி, "அழாதை பிள்ளை, பொம்பிளைப் பிள்ளையள் எண்டால் அப்பிடித்தான்" என்றாள்.

அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகம் கோணியது. பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்ற நாட்களில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிசன், கோட்டைக்காரனின் கக்கூசுக்குள் நின்று, என் பிள்ளையின் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழத் தொடங்கினார். அந்த விம்மல் மைக்கில் மண்டபம் முழுவதும் கேட்டது. மகள் மைக்கை நிற்பாட்டிக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டாள்.